எஸ்தர் டீச்சர் வீட்டுப் பனியன் பொம்மைகள்

இழுத்துவிட்ட எலாஸ்டிக் தொடையில் வந்து விழும்போது முதலில் சத்தம்தான் கேட்கும், வலி ஒரு மூச்சு கழித்துத்தான் வரும், அதற்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு எழும்பி நிற்கும். ஐந்து வயதில் எனக்கு இரண்டு தொடையிலும் அந்தக் கோடுகள் இருந்தன. நான் மற்றவர்கள் தொடையில் போட்ட கோடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் மிஞ்சிய துண்டுகள் எங்கள் "டீச்சர் ஊட்டில்" ஒரு டப்பா நிறைய இருக்கும். அவை விரலுக்குப் பலம் வர இழுத்துப் பழகுவதற்காக வைத்தவை. நாங்கள் எதற்குப் பழகினோம் என்பது டீச்சருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், பல்லடம் ரோட்டில் அருள்புரத்தில், வரிசையாகப் பத்து வீடும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் உள்ள "லைன் வீடு" ஒன்றில் நாங்கள் இருந்தோம். அந்த லைனின் கடைசி வீடுதான் எஸ்தர் டீச்சருடையது. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இழுப்பு வந்ததும் வேலையை விட்டவர். சும்மா உட்காரத் தெரியாத மனுஷி. கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஏழு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டார். பலகையும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. ஒரு கட்டில், ஒரு பாய், மூலையில் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டை, அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

"கை படிச்சிட்டுன்னா புத்தகம் தன்னால வந்துரும்ட்டி" என்பார். அதனால் எங்கள் பாடமெல்லாம் கையில்தான் நடந்தது. பனியன் துணிக் கீற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அது தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகும். அப்படி மூன்று கயிறு திரித்து ஜடை பின்னக் கற்றோம். நூல் தீர்ந்த கோன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எண்ணக் கற்றோம். முட்டை அட்டைக் குழிகளில் பட்டன்களை நிறம் பிரித்துப் போட்டோம். எழுத்து என்று நாங்கள் முதலில் கற்றது அ, ஆ இல்லை, ஏபிசியும் இல்லை. கழுத்துப்பட்டியில் வைத்துத் தைக்கும் சைஸ் லேபிளில் உள்ள எஸ், எம், எல், எக்செல். சின்னதிலிருந்து பெரிதுக்கு வரிசையாக நில்லுங்கள் என்றால், சட்டையில் லேபிளைக் குத்திக்கொண்டு சரியாக நிற்போம்.

சண்டையும் அதே அளவுக்கு நடந்தது. கடிப்போம், பிறாண்டுவோம், கோனால் மண்டையில் போடுவோம். டீச்சர் அடிக்கமாட்டார். "எந்தக் கை அடிச்சிச்சு? அந்தக் கையாலேயே தடவிக் குடு, அழுகை நிக்கிற வரைக்கும்" என்பார். அடிபட்டவன் வேண்டுமென்றே அரைமணி நேரம் அழுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பொம்மை செய்தோம். வேஸ்ட் துணியை உருட்டி, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, கழுத்து வரவேண்டிய இடத்தில் எலாஸ்டிக்கைச் சுற்றினால் தலை வந்துவிடும். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் செய்து லேபிள் குத்தவேண்டும் என்பது பாடம். நான் அப்பாவுக்கு எல், அம்மாவுக்கு எம், எனக்கு எஸ் என்று குத்தி முடித்துவிட்டேன். என் பக்கத்தில் தேவி. என்னைவிட ஒரு வயது சின்னவள், குரலே வெளியே வராத பிள்ளை. அவள் அப்பா எங்கள் அம்மா வேலை பார்த்த கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர். அவள் அம்மா சரசு அக்கா அங்கேயே செக்கிங். தேவி தன் அப்பா பொம்மைக்கு எக்செல் குத்தியிருந்தாள். எம் லேபிள் குத்திய பொம்மையின் கழுத்தில் எலாஸ்டிக்கைச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். தலை சாய்ந்து தொங்கிய பிறகும் இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டே, "இனிப் பேசுவியா? இனிப் பேசுவியா?" என்று எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு குரலில் கேட்டாள்.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது யாருட்டி?"

"அம்மாங்க."

"சுத்துறது?"

"அப்பாங்க." பிறகு தானாகவே, "அம்மா கால் இப்பிடி இப்பிடி ஆடுமுங்க" என்று பொம்மைக்குக் கால் இல்லாததால் தன் காலை உதறிக் காட்டினாள்.

அன்று அம்மாவுக்கு ராத்திரி வரை நீளும் ஒன்றரை ஷிப்ட்; அதனால் சாயங்காலம் சரசு அக்கா தேவியைக் கூட்டிப் போக வந்தபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். டீச்சர் அவளுடைய சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். "அயர்ன் பண்றப்ப ஆவி பட்டுருச்சுங்க டீச்சர்" என்றாள் சரசு அக்கா.

"ஆவிக்கு அஞ்சு விரலு இருக்குமாட்டி?"

அதன்பிறகு சரசு அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். டீச்சர் மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "ஞாயித்துக்கிழமை அவரு சந்தைக்குப் போனதும் புள்ளையத் தூக்கிட்டு வா. என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புதேன். அதுவரைக்கும் மூச்சு விடாத. அடுத்த வாட்டி அவன் கையை எடுக்கமாட்டான், பாத்துக்க."

மூச்சு விடக்கூடாது என்றது சரசு அக்காவுக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. வியாழக்கிழமை காலை தலைவாரும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பைப் பிடுங்கி, அதன் கழுத்தில் ரிப்பனைச் சுற்றி, காலை உதறிக்கூடக் காட்டினேன். அம்மா ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டாள். "அடப் பாவி" என்றாள். என்னையல்ல, அவனை.

இனி நடந்ததைக் கம்பெனிக்குப் போகாதவர்களுக்கு விளக்கவேண்டும். நாற்பது மிஷின் ஒன்றாக ஓடும் இடத்தில் யாரும் பேசமுடியாது, கத்தத்தான் முடியும். வருஷக்கணக்காக அங்கே இருப்பவர்களுக்கு அந்தக் கத்தல்தான் பேச்சு. பக்கத்து மிஷின்காரியின் காதில் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்துவார்கள், அடுத்த மிஷினுக்குக் கூட அது கேட்காது. அன்றைக்கே அம்மாவும் அப்படித்தான் பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. நாற்பது மிஷினும் ஒரே நொடியில் நின்றன. அம்மாவின் வாய் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கிழம சரசு புள்ளையத் தூக்கிட்டுத் தெக்க போயிர்றாளாமா, டீச்சர்தான் அனுப்பறாங்களாமா!"

அந்த நிசப்தத்தில் வாசல் வாட்ச்மேனுக்கே கேட்டதாம். கட்டிங் டேபிளில் நின்றிருந்த தேவியின் அப்பா கையில் இருந்த பெரிய கத்தரியைக் கீழே வைக்காமலேயே படியிறங்கிப் போனார். செக்கிங் டேபிளில் சரசு அக்கா எழுந்தாள். இதெல்லாம் அம்மா பிற்பாடு, பல வருஷம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

அவர் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றதைத்தான் நான் பார்த்தேன். குரல் உயரவே இல்லை. "டீச்சர், பாப்பாவக் கொஞ்சம் அனுப்புங்க" என்றார்.

"கம்பெனி நேரத்துல என்ன? சாயங்காலம் அவ அம்மா வருவா."

"நான் மரியாதையாத்தான் கேக்கறனுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து டீச்சரைக் கன்னத்தில் அறைந்தார். டீச்சர் பட்டன் அட்டையின்மேல் விழுந்தார். பட்டன்கள் அறை முழுக்கச் சிதறி ஓடின. கோன் கோபுரத்தை உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும் ஒரு "ங்க" வந்தது. "குடும்பத்தக் கெடுக்காதீங்க. எம்புள்ளைங்க அது. நீங்க ஆருங்க?" கொங்குப் பேச்சின் மரியாதை எவ்வளவு பயங்கரமானது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. இன்றுவரை யாராவது அதிகமாக "ங்க" போட்டால் என் கண் அவர்கள் கைக்குத்தான் போகும்.

தேவி கட்டிலுக்கு அடியில் போயிருந்தாள். அவர் குனிந்து அவள் காலைப் பிடித்து இழுத்தார். டீச்சர் தவழ்ந்து வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டார். கத்தரி இறங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை டீச்சரின் கை திறந்துகொண்டது. நான் போய் அவர் கெண்டைக்காலைக் கடித்தேன். வீரம் ஒன்றும் இல்லை. கடிப்பது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான். அவர் உதறிய உதறலில் சுவரில் மோதினேன், முன்பல் ஒன்று நாக்கின்மேல் வந்து விழுந்தது. மற்ற ஐந்து பேரும் அலறினார்கள். டீச்சர் விடவில்லை. "ஏசப்பா, ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

சரசு அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். தலையெல்லாம் பஞ்சு. நாங்கள் மணல் அளந்து விளையாடும் இரும்புப்படி தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அவர் பின்மண்டையில் அடித்தாள். அவர் திரும்பினார். நெற்றியில் அடித்தாள். மறுபடி அதே இடத்தில் அடித்தாள். அவர் கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்து, ரத்தம் கண்ணில் இறங்க, உண்மையாகவே ஒன்றும் புரியாதவர் மாதிரி, "ஏன் சரசு?" என்று கேட்டார்.

"எந்திரிச்சீன்னா இன்னொன்னு" என்றாள்.

பிறகு வேஸ்ட் மூட்டையிலிருந்து நீளமான கீற்றாக உருவி டீச்சரின் கையைக் கட்டினாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் ஆவாதுங்க டீச்சர். இப்பவே போறனுங்க." தேவியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அங்கே என் அம்மா மூச்சிரைக்க நின்றிருந்தாள். "சரசு, நான் வேணும்ன்னே…" என்று ஆரம்பித்தாள்.

"வழிய உடுக்கா."

அம்மா வழி விட்டாள். அவர்கள் லைனைத் தாண்டியதும் அதே வாசற்படியில், கதவை அடைத்த மாதிரி, உட்கார்ந்துகொண்டாள். லைனில் வீட்டிலிருந்தே பனியனின் நூல்பிசிறு வெட்டும் பெண்கள் நான்கைந்து பேர் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் டீச்சரைத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே இருந்தவர் இரண்டுமுறை எழுந்து வந்தார், "கொஞ்சம் நகருங்க" என்றார். யாரும் நகரவில்லை. தெற்கே போகிற பஸ் கிளம்பியிருக்கும் என்று தோன்றும்வரை அப்படியே இருந்தார்கள். என் அம்மா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டீச்சருக்குக் கையில் நீளமாகத் தையல் போட்டார்கள். கட்டிங் மாஸ்டர், வண்டியிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாராம். பெண்டாட்டியிடம் அடிவாங்கியதைச் சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். லைனின் சொந்தக்காரர் வந்து, "நமக்கு இந்த ரகளையெல்லாம் ஒத்துவராதுங்க டீச்சர்" என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார். டீச்சர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஏழு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

இன்று அந்த லைன் இல்லை. பத்து வீடும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட குடோன் நிற்கிறது; வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் அதன் நிழலில் உட்கார்ந்து இந்தியில் போன் பேசுகிறார்கள். வீட்டில் பிள்ளை சேர்த்துப் பாடம் நடத்துகிற யாரையும் இந்தப் பக்கத்தில் நான் இப்போது பார்க்கவில்லை. நானும் ஒரு கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் பெருமாநல்லூரில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வயதான ஒருவர் வந்து நின்றார். நெற்றியில் பள்ளமாக ஒரு தழும்பு. என்னை அம்மாவின் சாடையை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். "நல்லா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாப்பா எங்கிருக்குதுன்னு ஏதாச்சும் தெரியுமா? சாகறதுக்குள்ள ஒருக்காப் பாத்தாப் போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்லமாட்டேன். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

எஸ்தர் டீச்சர் வருஷத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் போனில் பேசுவார். அதனால் தேவி என்ன படித்தாள், இப்போது என்ன வேலையில் இருக்கிறாள், சரசு அக்கா யாரோடு இருக்கிறாள் எல்லாம் எனக்குத் தெரியும்.

"தெரியாதுங்க" என்றேன். அவர்கள் இருக்கும் ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.