அரைக்கிலோ பூண்டு

வெளிநாட்டில் இருக்கிற கன்னியாஸ்திரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அவளுடைய வீட்டார்தான் எல்லாரையும்விடச் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். எங்கள் அத்தை மொசாம்பிக்கிலிருந்து மலைமேல் இருக்கும் எங்கள் வில்பட்டிக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அவள் வீட்டில் இருந்த ஒன்பது நாளும் நான் பட்ட எரிச்சலை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

அத்தை, அப்பாவின் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், எங்கள் பக்கத்துக் கோயில்களில் எல்லாம் துறவற அழைத்தலைப் பற்றிப் பேச ஜீப்பில் ஒரு சிஸ்டர் வந்தார். வந்தவர் திரும்பிப் போகும்போது இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருத்தி எங்கள் அத்தை, இன்னொருத்தி மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் என்கிற ஊர்ப் பெண். கூப்பிட்டது கடவுளாக இருக்கலாம், ஆனால் வண்டி அனுப்பியது சபைதான் என்று அப்பா சொல்வார், அம்மா அவர் வாயை அடைப்பாள். அன்று ஒரே ஜீப்பில் போன இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக வார்த்தைப்பாடு கொடுத்து, கடைசியில் ஆப்பிரிக்காவில் ஒரே மடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மடத்தில் ஐந்து சிஸ்டர்கள். மற்ற மூவரில் ஒருவர் பிரேசில், ஒருவர் போலந்து, ஒருவர் பிலிப்பைன்ஸ். எல்லாருக்கும் பொதுவாகப் போர்த்துக்கீசியம்தான் பேச வேண்டும். மற்றவர்களுக்குப் புரியாத மொழியைச் சாப்பாட்டு மேசையில் பேசுவது மரியாதை இல்லையாம். அதனால் அத்தையும் அடுக்கத்து சிஸ்டரும் பாத்திரம் கழுவும்போது மட்டும் தமிழ் பேசிக்கொள்வார்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் விடுமுறை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் தியானம் ஒரு பக்கம், சபைக் கூட்டம் ஒரு பக்கம், பல் வைத்தியம், கண் வைத்தியம், விசா சோலி என்று தின்றது போக எங்களுக்கு மிஞ்சியது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எங்களுடையதா என்றால் அதுவும் இல்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் ஊருக்கு வந்தாலும், அந்த நாட்டில் இருக்கும் நம் பக்கத்து சிஸ்டர்கள் எல்லாருடைய வீட்டுக்கும் அவர் போக வேண்டும். அவர்கள் கொடுத்துவிட்டதைச் சேர்க்க வேண்டும். திரும்பும்போது அந்த வீட்டார் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அத்தை வந்த அன்று பெட்டியைத் திறந்தபோது நான் பெட்டிக்குள்ளேயே விழாத குறையாக எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது முழுக்கப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு ஊர். எனக்குக் கிடைத்தது போர்த்துக்கீசிய எழுத்து போட்ட ஒரு மாதா படம். ஐந்து வருடம் காத்திருந்ததற்கு ஒரு மாதா படம்! எங்கள் வீட்டில் ஏற்கெனவே நான்கு மாதா இருந்தார்கள்.

மறுநாளிலிருந்து அத்தை ஒரு நாள் பெரியகுளம், ஒரு நாள் திண்டுக்கல், ஒரு நாள் எங்கேயோ பெயர் தெரியாத ஊர் என்று பொட்டலங்களோடு பஸ்ஸில் அலைந்தாள். வீட்டில் இருந்த கொஞ்ச நேரத்திலும் பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. வந்தவர்கள் சும்மா போனார்களா? என் தாடையைப் பிடித்து, “நீயும் அத்த மாதிரி சிஸ்டராப் போறியா பாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். எங்கள் வீட்டில் ஏதோ சிஸ்டர் விளைகிற மாதிரியும் அடுத்த போகம் நான் என்கிற மாதிரியும் அவர்களுக்கு நினைப்பு. எனக்கு அவர்கள் கையைக் கடிக்க வேண்டும்போல இருக்கும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் பூண்டு. முந்தின வருடம் அத்தை போனில் பேசியபோது, அங்கே கிடைக்கிற பூண்டு அரிசி மாதிரி இருக்கும், வாசமே கிடையாது என்று சொல்லியிருந்தாள். நான் அப்பாவிடம் அடம்பிடித்து, வயலோரம் ஒரு பாத்தி வாங்கிக்கொண்டேன். நானே பல் ஊன்றினேன், நானே களை எடுத்தேன், மழைக்கு அழுகிவிடுமோ என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். பிடுங்கின பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டு, புகை ஏறியதும் நல்ல திரட்சியானதாக அரைக்கிலோ பொறுக்கி எடுத்தேன். ஒரு சீட்டில் ‘அத்தைக்கு’ என்று எழுதி அதற்குள் போட்டேன்.

அத்தை கிளம்புவதற்கு முந்தின நாள்வரை பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன. ஊறுகாய், முறுக்கு, மிளகாய்ப்பொடி, புளி, யாரோ ஒருவருக்கு ஆறு ஜோடி காலுறை. கடைசியாக வந்தவர் அடுக்கத்து சிஸ்டரின் அப்பா. வெள்ளனே ஜீப் பிடித்து மலையேறி வந்திருந்தார்.

அவரைப் பற்றி முந்தின நாள் சாப்பிடும்போதுதான் அத்தை சொல்லியிருந்தாள். அவருடைய மனைவி நான்கு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனார். மகள் வரவில்லை. வரவில்லை என்றால், விடவில்லை. அடுக்கத்து சிஸ்டர் தன் விடுமுறையை இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்து முடித்திருந்தார், அடுத்ததற்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. சபைத் தலைவி போனில் ஆறுதல் சொல்லி, ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசைக்கு ஏற்பாடு செய்தாராம். அன்றைக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கு அடுக்கத்து சிஸ்டர்தான் கஞ்சி காய்ச்சினார். “ரெண்டு பேரும் சமையக்கட்டுக் கதவச் சாத்திக்கிட்டுத் தமிழ்ல அழுதோம்” என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதிலும் விழுந்தது.

அந்த அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. மடியிலிருந்த மஞ்சள் பையை இரண்டு கையாலும் எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

“அவ அம்மா சேலைங்க சிஸ்டர். துவைக்கல. கடைசியா உடுத்துனது அப்பிடியே கெடக்கு.”

“சரிங்கப்பா. அப்பிடியே அவ கையில குடுத்துருறேன்” என்றாள் அத்தை.

அதற்குப் பிறகுதான் அவர் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊறுகாய் கொடுத்தார்கள், சரி. முறுக்கு கொடுத்தார்கள், சரி. இந்த மனிதர் பழைய சேலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதையும் துவைக்காமல் கொடுக்கிறார். துவைக்கவில்லை என்று வாய்விட்டு வேறு சொல்கிறார்!

மறுநாள் காலையில் அப்பா பூண்டு மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டார். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். முள் இருபத்து மூன்றரையில் நின்றது. அத்தை பெட்டியைத் திறந்தாள், கொஞ்சம்கூட யோசிக்காமல் என் பூண்டை எடுத்து வெளியே வைத்தாள். ஊறுகாயில் ஒரு பாட்டிலை எடுத்துவிடலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

“அடுத்தவங்க நம்பிக் குடுத்தது தம்பி. நம்மளுதத்தான் நாம விட்டுக்குடுக்கணும்” என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, “அடுத்த தடவ கட்டாயம் கொண்டுபோறேன் கண்ணு” என்றாள்.

அடுத்த தடவை எனக்குப் பதினைந்து வயதாகியிருக்கும். பூண்டு ஐந்து வருடம் இருக்குமா? நம்முடையது மட்டும் ஏன் எப்போதும் வெளியே போக வேண்டும்? இதைக் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை. தியாகம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கேள்வி கேட்கிறவள்தான் கெட்டவள். அது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

மதியம் அத்தை கிளம்புவதற்கு முன்னால் முன்னறையில் எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். துக்க தேவ இரகசியங்களில் இரண்டாவது நடந்துகொண்டிருந்தபோது நான் எழுந்து உள்ளறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன், மேலாகவே மஞ்சள் பை இருந்தது. பிரித்தால் பச்சைச் சேலை, மஞ்சள் கரை. தைல வாசமும் புகை வாசமும் குப்பென்று வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியிலிருந்த கைத்தராசை எடுத்து, ஒரு தட்டில் சேலையையும் ஒரு தட்டில் பூண்டையும் வைத்தேன். பூண்டுத் தட்டு லேசாக இறங்கியது. ஒரே ஒரு பூண்டை எடுத்துவிட்டேன், சரியாக நின்றது. ஒரு கிராமுக்குக்கூட யாரையும் ஏமாற்றக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கண்டிப்பாக இருந்தேன். பூண்டையும் சீட்டையும் அதே மஞ்சள் பையில் போட்டு, பழையபடி முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். சேலையைப் பரணில் சாக்குகளுக்கு அடியில் திணித்தேன். நான் திரும்பி வந்து முழங்காலிட்டபோது நான்காவது இரகசியம் நடந்துகொண்டிருந்தது. என்னை யாரும் தேடவில்லை.

அத்தை போய்விட்டாள். சேலை ஒரு மாதம் பரணில் கிடந்தது. பூண்டைப் புரட்டிப்போட ஏறிய அம்மா அதைக் கண்டெடுத்து, களத்து வேலைக்கு வந்த பெண்கள் யாரோ விட்டுப் போனது என்று நினைத்தாள். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கும்மி, காயவைத்து, நான்காகக் கிழித்தாள். ஒரு துண்டு அடுப்படியில் பாத்திரம் இறக்குகிற துணி ஆயிற்று. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரிய தொல்லை ஒழிந்தது என்றுதான் இருந்தது.

அத்தையின் மடம் இருந்த இடத்தில் போன் எடுக்காது. யாராவது வண்டியில் டவுனுக்குப் போனால்தான் பேச முடியும். சேலையைக் கிழித்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டாள். அம்மா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள், போனைச் சத்தமாக வைத்து அலமாரியில் சாய்த்தேன். அத்தை சுற்றி வளைக்கவில்லை. அடுக்கத்து சிஸ்டர் கையில் பையைக் கொடுத்ததும், அவர் அதை யார் முன்னாலும் பிரிக்காமல் கோயிலுக்குள் எடுத்துக்கொண்டு போனதும், பிரித்தால் பூண்டு இருந்ததும் எல்லாம் சொன்னாள். “சீட்டப் பாத்தேன் மதினி. புள்ளய வையாதீங்க. சேல மட்டும் இருந்தாப் போதும். பச்சையில மஞ்சக்கர போட்டது.”

அம்மா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பானையைத் தரையில் வைத்தாள்.

அந்த விடுமுறை விதியைச் சபையில் பிற்பாடு மாற்றிவிட்டார்களாம். இப்போதெல்லாம் அப்பா அம்மா இறந்தால் உடனே டிக்கெட் போட்டு அனுப்புகிறார்கள் என்று அத்தை சொல்கிறாள். நல்லது. மாற்ற முடிகிற விதிதான் அது என்றால் அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை மாற்றியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான்கு நாட்டு ஆட்களை ஒரே கூரையில் வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு மகளை நான்கு நாளுக்கு அனுப்பத் தெரியவில்லை. அவர்கள் கொடுக்காத நான்கு நாளுக்குப் பதிலாக அவளுக்கு வந்துசேரவேண்டியிருந்தது ஒரே ஒரு சேலை. அதையும் நான் எடுத்துக்கொண்டேன். யாரைத் திட்டத் தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அந்தக் கைத்தராசுதான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாருடையதையும் ஏற்றினீர்கள், என்னுடையதை மட்டும் இறக்கினீர்கள் என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அத்தை பதில் சொல்வதற்குள் வேறொரு குரல் வந்தது. அதற்குமுன் நான் கேட்டிராத குரல், ஆனால் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு.

“கண்ணு, நாந்தான் அடுக்கத்து சிஸ்டர் பேசுறேன். சேல பத்திரமா இருக்குல்ல?”

அந்தக் குரலில் கோபம் இல்லாதது எனக்குத் தெம்பாக இருந்தது. அவருக்கு ஒரு நல்ல சேதி சொல்லலாம் என்று தோன்றியது.

“இருக்கு சிஸ்டர், கவலப்படாதீங்க. அம்மா வெந்நியில சோப்புப் போட்டு நல்லாத் துவைச்சுட்டாங்க. இப்ப ஒரு வாசமும் இல்ல.”

இணைப்பு போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“பூண்டு நல்லா இருந்துச்சு கண்ணு” என்றார் சிஸ்டர். அதோடு போன் நின்றுவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன். பார்த்தாயா, பூண்டு நன்றாக இருந்ததாம் என்று அம்மாவிடம் திரும்பினேன். அம்மா தரையில் உட்கார்ந்து, கரி பட்ட அந்தப் பச்சைத் துணியை முகத்தோடு வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். சரியாகத் துவைத்தோமா என்று பார்க்கிறாளாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.