உப்பு ஏற்றாத வண்டி

எங்கள் வண்டியில் அப்பா உப்பு மட்டும் ஏற்றமாட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் குளத்தூர்ப் பக்கம் பிக்கப் வைத்திருந்தவர்கள் எல்லாம் உப்பளத்து வாடகைக்கு நாயாய் அலைந்தார்கள். அப்பாவோ மிளகாய், பருத்தி, கம்பு என்று விளாத்திகுளத்துக்கும் கோவில்பட்டிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பார். இரண்டு கை மாறி வந்த பழைய வண்டிதான். ஆனாலும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அதைக் கழுவும் உத்தியோகத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தோடு ஏறி, பாரம் தாங்கும் பின்பக்கக் கமான் பட்டைகளின் இடுக்கில் அப்பிக் காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாவாடையைச் செருகிக்கொண்டு அடியில் நுழைவேன். குச்சியால் நோண்டி வாளி வாளியாக ஊற்றுவேன். மழை இல்லாத நாளிலும் விடமாட்டேன். நல்ல தண்ணீரைத் தொட்டால் அம்மா கையை ஒடித்துவிடுவாள். அது வாரம் இருமுறை லாரியில் வருவது. ஊர்ப் போர்வெல் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தது. வாயில் வைக்க முடியாது, சோப்பு நுரைக்காது. வண்டிக்கு அது போதாதா?

"எம் மவ இருக்கும்போது எனக்கு கிளீனர் எதுக்கு?" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். எனக்குத் தலைகால் புரியாது.

நான் கழுவத் தொடங்கிய மூன்றாம் வருடம், மிளகாய் வரத்துத் தொடங்கும் நேரத்தில், பின்பக்கம் ஒரு பட்டை முறிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அப்பா புதுக் கமான் கட்டுகள் வாங்கி, கோவில்பட்டியில் ஒரு பட்டறைக்கு வண்டியை மெல்ல ஓட்டிப் போனார். லீவு நாள், நானும் தொற்றிக்கொண்டேன்.

மெக்கானிக் திருகிப் பார்த்தார். நட்டு அசையவில்லை. கேஸ் வைத்துச் சுட்டுத் திருகினால் போல்ட்டே ஒடிந்து வந்தது. எப்படியோ பட்டைகளைக் கழற்றிவிட்டு, அவை மாட்டியிருந்த சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"பட்டை புதுசு, சரி அண்ணாச்சி. அத மாட்ட இடம் வேணும்லா? வெல்டு வைக்கக்கூட இரும்பு இல்ல" என்றார்.

அப்பா குனிந்து விரலால் தொட்டார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அவர் முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததே இல்லை.

"வண்டிய எந்தத் தண்ணியில கழுவுதீங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

நான்தான் கழுவுகிறேன், ஒரு நாள் தவறாமல், அடியெல்லாம் விடாமல் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தண்ணியெல்லாம் ஒண்ணுமில்ல. நான் உப்பு லோடு அடிச்சேன்."

தெரிந்த மனுசரே இப்படிச் செய்யலாமா என்று மெக்கானிக் ஏசினார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. திரும்பும்போது பஸ்ஸில் நான் அப்பா பக்கத்தில் உட்காரவில்லை. ஊருக்கெல்லாம் யோக்கியம் பேசிவிட்டுக் களவாக உப்பு ஏற்றியிருக்கிறார், நான் விழுந்து விழுந்து கழுவியது அத்தனையும் வீண் என்று பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"குடும்பத்த நடுத்தெருவுல விட்டுட்டியளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அடுத்த மாதம் உப்பளத்தில் மூட்டை சுமக்கப் போனார்.

மூன்று வருடமாக வண்டிக்குத் தினம் தினம் உப்பு ஏற்றியது நான்தான் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது. அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவை மன்னிக்காமலே. மனம் தாங்காமல் ஒருநாள் அப்பாவிடம் கேட்டேவிட்டேன், அந்தத் தண்ணீரில் நான் கழுவியதால்தானே என்று.

"நீ எங்கட்டி கழுவுன?" என்றார். "நான்லா உப்பு லோடு அடிச்சேன்."