லீ கடையில் மீன் இல்லாத நாட்கள்

பேருந்து நடத்துனர் "டிராங்கெபார்!" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் ஊருக்கே வந்துவிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பேன். தரங்கம்பாடியில் பிறந்தவன், கடல் தாண்டி, ஒரு தீவின் தலைநகரான போர்ட் லூயியில் தரங்கம்பாடியின் வெள்ளைக்காரப் பெயரையே வைத்திருக்கும் ஒரு பேட்டையில் இறங்கி நடக்கிறான் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதல் வாரம் சிரித்தேன். இந்தத் தரங்கம்பாடியில் கடல் இல்லை, நிமிர்ந்தால் மலைதான். யார் வைத்த பெயர், ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. தை மாதத்தில் பனிக்குப் பதில் சட்டை முதுகில் ஒட்டும் வெயில். கோயிலில் தேவாரத்தை மனமுருகப் பாடுகிறவர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலுக்கு மாறிவிடுகிறார். அவரிடம் தமிழில் நலம் விசாரித்தேன். வாய் நிறையச் சிரித்துவிட்டுப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பாட்டு தமிழ், பேச்சு வேறு. இவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவன் நான். தனிக்கட்டை, சமையல் தெரியாது. அதனால் என் இரவுச் சாப்பாடு லீயின் கடையில் என்று ஆகிவிட்டது. கடை என்றால் நாலு மேசை, பின்னால் அடுப்படி, மாடியில் குடும்பம். லீ சீனர், ஆனால் சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்தவர். பரிமாறுவது அவர் மனைவி செல்லம். அவள் தமிழ்ப் பெண், தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. கடைக்கு வெளியே அசல் சீனச் சாப்பாடு என்று பலகை தொங்கும். லீ தன் தகப்பனாரிடம் கற்ற கைப்பக்குவம் அது. நம் பெங்களூர் கத்தரிக்காயை இங்கே 'சூசூ' என்பார்கள். அதைத் துருவி உருண்டை பிடித்து ஆவியில் வேக வைத்துத் தெளிந்த சாற்றில் மிதக்க விடுவார். ஒரே உருண்டையில் நான் அடிமையாகிவிட்டேன். ஆனாலும் நாக்கு கடற்கரை நாக்கு அல்லவா? சந்தையில் கருவாடு வாங்கிப் பொட்டலமாகக் கொண்டு போவேன். லீ முகம் சுளிக்காமல் வெங்காயமும் மிளகாயும் போட்டு வறுத்துத் தருவார்.

அன்றும் அப்படித்தான் போனேன். லீ அடுப்படியில் முதுகு காட்டி நின்றார். வழக்கம்போல உள்ளே நுழைந்து, பொட்டலத்தைப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் புதுப் பாத்திரங்களாக இருக்கிறதே என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. திரும்பிப் பார்த்த லீக்கு முகம் சிவந்துவிட்டது. பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வந்து, "நூ தாங் காரெம்!" என்று கத்தினார். நாங்கள் விரதத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோ தாமூல், துவா?" என்றார். நீயெல்லாம் தமிழனா என்று ஒரு சீனர் என்னைக் கேட்கிறார்! எனக்குக் கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்தான் விரதம் இருப்பார். பக்கத்து வீட்டில் குழம்பு மீன் குழம்பாகத்தான் கொதிக்கும். அதை யாரும் தப்பென்று சொல்லிக் கேட்டதில்லை. இங்கேயோ காவடிக்கு முந்தைய பத்து நாளும் தெருவே மாமிசத்தை விட்டுவிடுமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

செல்லம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அடுப்படியைக் கழுவினாள். கண் கலங்கியிருந்தது. தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழைக் கிரெயோலோடு சேர்த்து அவள் சொன்னதிலிருந்து விஷயம் புரிந்தது. போன வருடம் அவள் காய்ச்சலில் பிழைப்பாளா என்று கிடந்தபோது, காவடி எடுக்கிறேன் என்று லீ முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். மாயெபூரில் இருக்கும் அவளுடைய அண்ணன் மாணிக்கம், இவள் சீனரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தங்கை வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. பன்றி வெந்த அடுப்பில் சமைத்ததை நான் சாப்பிடுவதா என்பது அவர் பேச்சு. இப்போது, காவடி முடிந்ததும் ஏழு வகை மரக்கறியோடு இலையில் போடும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அதற்காகத்தான் புதுப் பாத்திரம், மாமிசத்துக்கு விடுப்பு எல்லாம்.

"அண்ணே, நீங்க வாங்க," என்றாள். "நீங்க கிராங் பெனென்சில்லேந்து வந்தவங்க. எங்கண்ணன் உங்களைத்தான் பாக்கும். நீங்க தின்னா அதுவும் தின்னும்."

இந்தியாவை இங்கே பெரிய தீபகற்பம் என்றுதான் சொல்கிறார்கள். அதன் பிரதிநிதியாக, கருவாட்டோடு பிடிபட்ட நான்! வேறு வழியில்லாமல் நானும் விரதம் இருந்தேன். கடைப் பலகையில் அசல் சீனச் சாப்பாடு என்றே இருந்தது. உள்ளே ஒரு சீனர் மரக்கறி மட்டும் வேக வைத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு தரங்கம்பாடிக்காரன் பயபக்தியோடு தின்றான். படுத்தால் தலை சுற்றியது, பசியினால் மட்டும் அல்ல.

காவடி அன்று லீ மஞ்சள் வேட்டியோடு வெயிலில் நடந்து கோயில் சேர்ந்தார். நானும் கூடவே நடந்தேன். திரும்பி வந்து மேசைகளை ஒதுக்கி இலை போட்டார்கள். மாணிக்கம் வந்தார், இலை முன் உட்கார்ந்தார், கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை, கனத்த கை. ஏழு கறியும் விழுந்தன. வாழைக்காய், பூசணி, பலா என்று பெயர் எனக்குத் தெரிந்தவைதான், ருசிதான் தெரியவில்லை. ஒன்றில் லீயின் சோயாச் சாறு மணத்தது. ரசத்தை 'ராசோன்' என்றார்கள். அதில் இருந்த பூண்டு எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குப் போதும். மாணிக்கம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, லபா ஓசி கும்சா?" அங்கேயும் இப்படித்தானா என்று கேட்கிறார்.

செல்லம் கறி வாளியோடு அப்படியே நின்றாள். ஆம் என்று பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இல்லை என்றால் அவர் எழுந்து போய்விடுவார். யோசித்துப் பேசும் புத்தி எனக்கு எப்போதும் பேசிய பிறகுதான் வரும்.

"இல்ல," என்றேன். "அங்க இப்படி இல்ல. அங்க காவடி எடுக்கிறவன் மட்டும்தான் விரதம். மத்தவங்க மீன் தின்னுவாங்க. நானும் தின்னுவேன்."

செல்லத்தின் முகம் செத்துப் போயிற்று. அதே முகத்தோடு நான் சொன்னதைக் கிரெயோலில் அண்ணனுக்குச் சொன்னாள். மாணிக்கம் என்னை நம்பாதவராகப் பார்த்தார். லீயின் மஞ்சள் வேட்டியைப் பார்த்தார். பிறகு அந்த அறையே அதிரச் சிரித்தார். "பே நூ, நூ ப்லி ஸ்த்ரிக்!" அப்படியானால் நாங்கள்தான் கண்டிப்பானவர்கள் என்று மார்பைத் தட்டிக்கொண்டார். அந்த 'நாங்கள்' என்பதில் அவர் விரல் லீயையும் சேர்த்துச் சுட்டியது. என்னைச் சுட்டவில்லை. பிறகு சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். செல்லம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ரச வாளியை என் கையில் திணித்து, "அண்ணே, எழுந்து ஊத்துங்க" என்றாள். சாப்பாட்டை விட்டு எழுந்து மாணிக்கத்துக்கு ரசம் ஊற்றினேன். ஜெயித்தேனா தோற்றேனா என்று அன்றைக்கு முழுக்க எனக்கு விளங்கவே இல்லை.

தீவுக்குச் சுதந்திரம் வருமா வராதா என்று பேருந்தில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தை மாதம் விடுப்பில் தரங்கம்பாடிக்குப் போனேன். வாசலில் கடல் இரைந்தது. மகன் வந்த சந்தோஷத்தில் அம்மா வஞ்சிரம் வாங்கி வறுத்து, இலை நடுவில் பெரிய துண்டாக வைத்தாள். கப்பலில் வந்த நாளெல்லாம் நான் கனவு கண்ட மீன் அது. கை போகவில்லை.

"என்னடா, சாப்பிடு."

"தைப்பூசம் வருதும்மா. விரதம்."

"நீ காவடி எடுக்கிறியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? காவடி எடுக்காதவன் எந்த ஊர்லடா விரதம் இருக்கான்?"

"எங்க ஊர்லம்மா."

வாய் சொல்லிவிட்டது. அம்மா மீன் இருந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டு, மோர் சோறு வைத்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, விருந்தாளிகளுக்கென்று பரணில் வைத்திருந்த பித்தளைத் தம்ளரை எடுத்துத் துடைத்து, எனக்குத் தண்ணீர் வைத்தாள்.