எண்ணெய்க்கல்லில் விழுந்த விரிசல்

தச்சன் அருள்நாதனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அருள்நாதனோ மீன்காரி தெரு முனை தாண்டியதும் தங்கை சிலுவையம்மாளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை திறந்து பார்க்கச் சொல்வான். ராயபுரத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் பதினெட்டு வருஷமாக அவனுக்கு வேலை. அடுத்தவன் இழைத்த பலகையில் குறை தெரிந்தால் அவனுக்கு நிம்மதி, தெரியாவிட்டால்தான் சந்தேகம்.

அவன் உயிராக வைத்திருந்தது ஓர் எண்ணெய்க்கல். யுத்த காலத்தில் ஒரு கப்பல் தச்சனிடம் வாங்கியது, எட்டு அங்குல நீளம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உளியைத் தேய்த்தால் கை மயிரை மழிக்கிற கூர் ஏறும். வாங்கிய வாரமே அதற்குத் தேக்கில் ஒரு பெட்டி குடைந்து, அசையாதபடி இறுக்கி உட்கார்த்தினான்.

அந்தக் கல்லை அவன் லூர்துவுக்கு மட்டும்தான் கொடுப்பான், அதுவும் வேறு வழியில்லாமல். பக்கத்துத் தச்சுமேடையில் வேலை செய்கிற லூர்துதான் சிலுவையம்மாளைக் கட்டப்போகிறவன். தாய் தகப்பன் இல்லாத பெண். இருபத்தாறு வயது வரை வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஆளுக்கொரு சந்தேகம் சொல்லி அண்ணன்தான் திருப்பி அனுப்பியிருந்தான். லூர்துவிடம் ஒரு வருஷம் தேடியும் குறை அகப்படாததால் சம்மதித்தான். மாதா கோவிலில் இரண்டு ஞாயிறு, இன்னாருக்கு இன்னார் என்று அறிவிக்கும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்கும் மூன்றாவது ஓலைதான் பாக்கி.

அந்த வியாழக்கிழமை லூர்து கல்லை வாங்கினான், சாப்பாட்டு மணிக்கு முன்னால் திருப்பி வைத்தான். பிற்பகலில் அருள்நாதன் எண்ணெயைத் துடைத்தபோது, ஒரு முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கல்லின் குறுக்கே மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது. ஓரத்தில் புளியங்கொட்டை அளவு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடம் வெளேரென்று புதுசாக இருந்தது.

“லூர்து, கல்லக் கீழ போட்டியா?”

“இல்ல மச்சான். தேச்சேன், தொடச்சேன், உன் மேடைல வெச்சேன்.”

“அப்ப இந்த வெடிப்பு எப்டி வந்துச்சு?”

“எனக்கு இன்னா தெரியும்? நான் வெக்கசொல்ல நல்லாத்தான் இருந்துச்சு.”

கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் அருள்நாதன் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பான். இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கல் விஷயத்தில் பொய் சொல்கிறவன் கட்டினவளிடம் என்னதான் சொல்லமாட்டான்? அன்று ராத்திரியே ஒரு வருஷத்து லூர்துவை மறுபடி புரட்டிப் பார்க்க ஆரம்பித்தான். மாசம் ஒரு தடவை அத்தை வீடு என்று திருவொற்றியூருக்குப் போகிறானே, அத்தை வீடுதானா? எப்போது பார்த்தாலும் சிரிக்கிறானே, அப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் நேரே சாமியாரிடம் போனான்.

“சாமி, மூணாவது ஓலைய நிறுத்திடுங்க. ஆளு பொய் சொல்றான்.”

“ஒரு கல்லுக்காகவா?”

“கல்லு போனா போவுது சாமி. பொய்யிதான் விசயம்.”

ஞாயிறு பூசைக்கு முன்னால் வந்து யோசித்த முடிவைச் சொல் என்று சாமியார் அனுப்பிவிட்டார். வீட்டில் தங்கையிடமும் சொன்னான். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவரு போட்டத நீ கண்ணால பாத்தியாண்ணே?”

“பாக்கத் தேவையில்ல.”

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பட்டறை அரை நாள். எல்லோரும் போனபின் அருள்நாதன் கல்லைப் பெட்டியிலிருந்து நெம்பி எடுத்தான். விரிசல் விட்ட கல்லில் தீட்டினால் உளியின் வாய் கெடும். விரிசலுக்கு உள்பக்கமாக வெட்டிவிட்டால் ஆறு அங்குலமாவது தேறும். பல் மழுங்கிய ரம்பத் தகட்டை எடுத்து, குருந்தக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து வெட்டவேண்டிய இடத்தில் வைத்து, முன்னும் பின்னும் இழுத்தான். தகடு அறுப்பதில்லை, பொடிதான் அறுக்கும். பாதி ஆழம் போனதும் கல்லைக் கவிழ்த்து மறுபக்கம் இழுத்தான். இழுப்புக்கு இழுப்பு லூர்துவை வைதான். கடைசியில் முனையை மேடை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினான்.

துண்டு தரையில் விழுந்து, விரிசலோடு இரண்டாகப் பிளந்தது. அருள்நாதன் குனிந்து எடுத்தான். பிளந்த முகம் அடியிலிருந்து மேல்வரை கன்னங்கரேலென்று இருந்தது. அத்தனையும் வருஷக்கணக்கில் ஊறிய பழைய எண்ணெய். மேலே நகக்கண் அளவு மட்டும் வெளேரென்று புதுசு. கல் அடியில் எப்போதோ வெடித்து விட்டுப்போயிருந்தது. வியாழக்கிழமை விட்டது கடைசி நூல்தான்.

அவன் காலிப் பெட்டியை இழுத்து வைத்தான். பெட்டியின் குழிக்குள் விரலை விட்டுத் தடவினான். விரிசல் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே மரம் மேடாக இருந்தது. அவன் குடைந்த பெட்டி, அவன் உளி விட்டுவைத்த மேடு. அதன் மேல் கல்லை அறைந்து இறுக்கியதும் அவன் கைதான்.

இரண்டு துண்டையும் துணியில் முடிந்துகொண்டு காசிமேட்டில் லூர்து வீட்டுக்குப் போனான். லூர்து வாசலிலேயே நின்று துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என் மேலதான் தப்பு, லூர்து.”

“கல்லு சொன்னா நம்புற. நான் சொன்னா நம்பல.” துண்டுகளை அவன் கையிலேயே வைத்தான். “ஓலைய வாசிக்கட்டும். உன் தங்கச்சிக்கோசரம்தான்.”

அருள்நாதன் திரும்புகிற வழியிலேயே சாமியாரைப் பார்த்துத் தடையில்லை என்றான். வீட்டுக்கு வந்து தங்கையிடமும் சொன்னான்.

“நாளிக்கி நான் ஒண்ணும் பேச மாட்டேன். பயப்படாத.”

“சரிண்ணே” என்றாள் சிலுவையம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். அருள்நாதன் முழங்காலில் கையை ஊன்றியபடி தலையைத் தூக்கினான். பெண்கள் பக்கத்திலிருந்து சிலுவையம்மாள் முக்காட்டு முனையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்துவிடுவானோ என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சாமியார் அடுத்த ஓலையை எடுத்து வேறு பெயரை வாசித்த பிறகுதான் அவள் அவனை விட்டுப் பார்வையை எடுத்தாள்.