தட்டில் வைத்த அட்டை

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். அதன் முன்னால் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைப்பார்கள். அவரவர் கேட் பாஸ், மெடிக்கல் கார்டு எல்லாவற்றையும் அதில் போடுவோம். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும் அவரவர் அட்டையை அவரவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். வேலையின் கடைசி நாளன்று நான் அதை எடுக்கவில்லை. இங்கே நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

திருவொற்றியூரில் இரும்பு வார்க்கும் கம்பெனி அது. எனக்கு மோல்டிங்கில் வேலை. மண் இடித்து அச்சுக் கட்டுவது. என் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றியது அந்த மெடிக்கல் கார்டு இருந்ததால்தான். வால்வு மாற்றினால் அதோடு முடிந்துவிடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டுவார், குறைப்பார். எங்கள் ஊர் வடிவுடையம்மன் புண்ணியத்தில் அது தடங்கல் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பிறகு மோல்டிங் ஷாப்பை மூடினார்கள். எங்கள் ஆட்களும் கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். வேலை போனவர்களுக்கு ரிடையர் ஆகிற வயசு வரைக்கும் குடும்பத்தோடு வைத்தியம் தொடரும் என்று அதில் இருந்தது. மரத்தடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

கடைசி நாள் சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் சொன்னோம். அதே தாம்பாளம் வந்தது. அட்டைகளைப் போட்டோம். கற்பூரம் எரிந்து அணைந்தது. எடுப்பதற்கு என்னைச் சுற்றி நின்ற யார் கையும் நீளவில்லை. வேலையே போய்விட்டது, அவர்கள் கொடுத்த அட்டை மட்டும் நமக்கு எதற்கு, உப்புத் தின்ற இடத்தை விட்டுக் கை சுத்தமாகப் போவோம் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பக்தி என்றும் நினைத்தேன். வாட்ச்மேன் தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் கார்டு கேட்டாள். நான் வெறும் சட்டைப்பையைத் தடவினேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். உடனே, "வூட்லயே வச்சிட்டு வந்துட்டாரும்மா, நாங்க அப்பால வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அட்டை வீட்டில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சாமி கும்பிட்டுவிட்டு வந்த அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன். எனக்காக அவள் பொய் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன்பின் நான் ராயபுரம் பக்கம் ஒரு குடோனில் மூட்டை ஏற்றப் போனேன். அவள் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே. ஒரு நாள் சாமி அலமாரியில் தீப்பெட்டி தேடியபோது மாத்திரை அட்டை கையில் பட்டது. பாதி பாதியாக உடைத்த மாத்திரைகளை வெள்ளித்தாளில் மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"இன்னாமே இது?" என்றேன்.

"உடைச்சா ரெண்டு நாளைக்கு வரும்ல" என்றாள், ஏதோ சீயக்காய்த் தூளைப் பற்றிப் பேசுவது போல.

அன்றைக்கு விளக்கேற்றிவிட்டு அம்மன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை.

கம்பெனியில் கிரேன் ஓட்டிய தோஸ்து ஒருவன் இருக்கிறான். ராயபுரத்துக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். எங்கள் ஆயுத பூஜையில் எங்களைவிட அவன்தான் முன்னால் நிற்பான். டீக்கடையில் அவனிடம் சொன்னேன். அவன் சட்டைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்துக் காட்டினான்.

"நீ எப்பிடி வச்சினுகீற?"

"கற்பூரம் அணைஞ்சுது, எடுத்துகினேன். வருசா வருசம் எடுக்கல? நீங்கள்லாம் எதுக்கு மாமு சாவு வூட்ல நிக்கிற மாதிரி நின்னீங்க?"

"சாமிகிட்ட வச்சதை எடுக்க மனசு வரலடா."

"அப்போ மத்த வருசம்லாம் சாமி லீவா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தான். "அண்ணிக்கு மாத்திரை கீதா?"

உடைத்த மாத்திரையைச் சொன்னேன். அவன் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கே என்னையும் என் மனைவியையும் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வைத்தியம் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். பாஸ் இல்லாததால் கேட்டில் காத்திருக்க வைத்தார்கள். நான் அச்சுக் கட்டிய ஷாப்பின் கூரைத் தகட்டை உள்ளே கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பர்சனல் ஆபீசர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நீங்களா சரண்டர் பண்ணிட்டீங்க. இப்ப கேட்டா எப்படி? சரி, பழைய ஆளு. ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நிர்வாகம் கருணை கூர்ந்து என் மனைவியின் வைத்தியத்தைத் தொடர வேண்டும் என்று. அப்படி எழுதுவது எனக்குப் பழக்கம்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டபோதும் அதே வார்த்தையைத்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் இருந்த அவளிடம் காட்டினேன், கவலைப்படாதே என்று சொல்லத்தான்.

தோஸ்து எட்டிப் பார்த்தான். "மாமு, இத்தக் குடுத்தா கருணை தீந்துச்சின்னு நாளைக்கு நிறுத்துவானுங்க. உனக்கு மட்டும் இல்ல, அல்லாருக்கும்."

"இப்போ ரத்தம் எடுக்கணுமேடா" என்றேன்.

என் மனைவி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு மடித்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். "கருணை வேணும்னா அம்மன் கைல கேட்டுக்கறேன். இவங்க கைல எனக்கு இன்னாத்துக்கு? தரேன்னு தானே கையெழுத்துப் போட்டாங்க?"

"மூச்சு வாங்குதே உனக்கு."

"வாங்கட்டும். நட."

உடம்புக்கு முடியாதவள் எழுந்து நடந்தாள். நான் பின்னால் போனேன். அந்தக் கேட்டைத் தாண்டும்போது இருந்த கூச்சத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. போய்க் கேட்டோமே என்ற கூச்சம் இல்லை அது. எப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்ற கூச்சம்.

அங்கிருந்து நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றோம். ரத்தத்தைப் பார்த்த டாக்டர், மாத்திரையை உடைத்தது யார் யோசனை என்று என்னைத்தான் திட்டினார். முழு மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோஸ்து எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அரசாங்கத் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தான். கூப்பிட்டார்கள். அங்கே ஒரு அம்மா அதிகாரி. கம்பெனி ஆபீசரும் வந்திருந்தார். நாங்களாகவே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று அங்கேயும் சொன்னார்.

அந்த அம்மா என்னிடம் கேட்டார், "நீங்களா குடுத்தீங்களா?"

பூஜை வழக்கத்தைச் சொன்னேன். ஃபேன் சுற்றுகிற அந்த அறையில், ஃபைல்களுக்கு நடுவில், தாம்பாளம், குங்குமம், கற்பூரம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். சாமி காரியத்தைச் சொல்ல நான் வெட்கப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

தோஸ்துக்குப் பொறுக்கவில்லை. "தட்டுல வச்சது சாமிக்கு மேடம். அத்த எடுத்துகினு போனது யாருன்னு கேளுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கம்பெனி ஆபீசரிடம் சொன்னார்: "இவங்க கார்டைக் குடுத்தாங்களா இல்லையாங்கறது இருக்கட்டும். நீங்க தர்றேன்னு சொன்னது கார்டு இல்லையே, வைத்தியம். கார்டு தொலைஞ்சா வைத்தியம் தொலைஞ்சிடுமா?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகும் இழுத்தடித்துத்தான் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தாம்பாளத்தில் வைத்த எல்லோருக்கும் வந்தது. என் கார்டின் மேல் அன்றைக்கு வைத்த குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்க விடவில்லை.

கார்டு வந்த முதல் வெள்ளிக்கிழமையே பழைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் அதே பெண். "இது என்ன கறை?" என்றாள்.

"குங்குமம்மா" என்று சொல்லிவிட்டு, என் மனைவி ரத்தம் எடுக்கிற சீட்டுக்காகக் கை நீட்டினாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பேர் வருமா வராதா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. சீட்டு வெளியே வந்ததும் என் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன.

என் மனைவி பக்கவாட்டில் திரும்பாமலே என் முழங்கையில் இடித்தாள். "கைய எறக்குய்யா. இது கவுண்டரு."

இறக்கினேன். இறக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், அவள் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவரைக்கும் அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் எழுதிய லெட்டர் மடித்தபடி அதற்குள் இன்னும் இருந்தது.