நோட்டுக்காரி பார்த்த சம்பந்தம்

நோட்டுக்காரியின் அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூன்றாவது அத்தை எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு மூலை பார்த்து உட்கார்ந்துகொள்வாள். யார் யாரோடு வந்தார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள் என்று பத்து வருஷம் கழித்தும் பிசகாமல் சொல்வாள். இவள் அந்த அத்தையை உரித்து வைத்திருந்தாள். அத்தை மனசில் வைத்துக்கொண்டதை இவள் நோட்டில் எழுதினாள், அவ்வளவுதான் வித்தியாசம். பெயரும் அதனால் வந்ததுதான்.

பள்ளிக்கூடத்து ரோபோ அணிக்குத் தலைவன் அவள் பெரியம்மா மகன். தங்கச்சி கேட்டாளே என்று சேர்த்துக்கொண்டானே தவிர, அவளை வைத்து என்ன செய்வதென்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஸ்குரூவைத் திருகச் சொன்னால் மரையைக் கெடுத்து வைப்பாள். ஒயரைக் கொடுத்தால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிடும். ஒரு தடவை புகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த அறையில் அவள் கைக்கு மிஞ்சியது விளக்குமாறும் நோட்டும்தான்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், அடுத்த வருஷ அணியின் பட்டியலை அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஒன்பது பெயர். மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். அவள் பெயர் இல்லை. அண்ணனைக் கேட்டாள். வேலை தெரிந்தவர்களுக்கே இடம் பற்றவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றான். அவள் அழவில்லை. போட்டிக்காவது வரலாமா என்று மட்டும் கேட்டாள். வா, ஆனால் காலில் இடறாமல் மேலே போய் உட்கார் என்றான்.

மேலேயே போய் உட்கார்ந்தாள். விளையாட்டு அரங்கத்தின் கடைசிப் படி, முதுகுக்குப் பின்னால் தகரச் சுவர் கொதித்தது. கீழே பலகை அடைத்த களம். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு அணிகள் ஒரு பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம். பெட்டிகளை எடுத்து அடுக்க வேண்டும். காலையில் யாரோடு யார் என்பது குலுக்கல். மத்தியானம், முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த துணையை மைக்கில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சம்பந்தம் பேசுகிற மாதிரிதான். இடம் தப்பிப் பேசினால் நம் மானமும் கூடச் சேர்ந்து போகும்.

முப்பது ஆட்டம். ஒன்றுக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. கொண்டுவந்த ரொட்டி பையிலேயே காய்ந்தது.

அண்ணன் அணி இரண்டாவது இடத்துக்கு வந்தது. துணைக்கு யார் என்ற பேச்சு வந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே பெயர், கொக்கு. நீளக் கை வைத்த மெஷின். ஒரே ஆட்டத்தில் பதினொரு பெட்டி அடுக்கி, ஐந்தாவது இடத்தில் நின்றது. நோட்டுக்காரி படியிறங்கி வந்து, கொக்கு வேண்டாம், ஆமையைக் கூப்பிடுங்கள் என்றாள். ஆமை என்பது தரையோடு தரையாக ஊர்கிற ஒரு குட்டை மெஷின். புள்ளிப் பலகையில் அதற்குப் பதினாறாவது இடம்.

ஒயர் பார்க்கிற பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஸ்குரூ பிடிக்கத் தெரியாதவங்க எல்லாம் மெஷினுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டாங்கப்பா."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"மெஷின் எனக்குத் தெரியாதுண்ணா. நின்னுச்சா நிக்கலையான்னு தெரியும்."

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். கொக்கு ஆடியது ஆறு ஆட்டம், அதில் மூன்றில் பாதியிலேயே நின்றுபோனது. ஜெயித்தது துணைக்கு வந்தவர்களின் புண்ணியம். நாலாவது ஆட்டத்திலிருந்து, களத்தை விட்டுத் தூக்கிப்போகும்போது இரண்டு பேர் உடம்பைத் தூக்க, மூன்றாவது ஆள் எலும்பு முறிந்த கையைத் தாங்குவதுபோல அதன் கையைத் தாங்கிக்கொண்டு போனான். ஆமை ஆறு ஆட்டத்திலும் நாலு நாலு பெட்டி, ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்கு வாய்த்த துணைகள்தான் நாலு தடவை படுத்துவிட்டன.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், முதல் இடத்துக்காரர்கள் வேறொரு அணியைக் கூப்பிட்டு முடித்து, மைக் அவன் கைக்கு வந்துவிட்டது. முப்பது நொடிதான் நேரம். அவன் பலகையைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், தங்கச்சி முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஆமையின் அணியைக் கூப்பிட்டான். அரங்கம் கொல்லென்று சிரித்தது. ஆமைக்காரர்களே தங்களைத்தானா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் இடத்துக்காரர்கள் அள்ளிக்கொள்வதுபோல் கொக்கை எடுத்துக்கொண்டார்கள். அரையிறுதியில் எதிரே நின்றதும் அவர்கள்தான். கொக்கு மளமளவென்று ஏழு பெட்டி அடுக்கியது. எட்டாவதைத் தூக்கின கை அப்படியே மேலே நின்றுவிட்டது. ஆமை அது பாட்டுக்கு ஊர்ந்து, தன் நாலாவது பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது. அண்ணன் அணி அடுக்கியதையும் சேர்த்து, ஒரே ஒரு பெட்டி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள், அது வேறு விஷயம். அதிலும் ஆமை நிற்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் கதவிலிருந்த பட்டியலைக் கிழியாமல் பிய்த்து, அவள் முன்னால் மேஜைமேல் வைத்தான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் பெரியம்மா வீட்டில் யாருக்கும் கிடையாது.

"பேனா உங்கிட்டதானே இருக்கு. நீயே எழுதிக்கோ."

பத்தாவதாகத் தன் பெயரை எழுதினாள். அதோடு விடவில்லை. அதன் கீழே பதினொன்று என்று போட்டு, இடத்தை வெறுமையாக விட்டாள். இது யாருக்கு என்று அண்ணன் கேட்டான்.

"இன்னொரு ஆள் வேணும்ணா. ஒரே நேரத்துல நாலு மெஷின் ஓடுது. எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு."