நோகாத தோளுக்கு ஒரு ஸ்கேன்

வலிக்கிறது என்று வருபவருக்கு ஸ்கேன் எடுத்தால் அது வைத்தியம். ஒன்றுமே இல்லை என்பவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து எடுத்தால் அது ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்களுக்கும் பாலிசி பிடிக்க அலைந்தவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும். நான் நாமக்கல்லில் ஸ்கேன் டாக்டர். கையைத் தூக்க உதவும் தசைநார் ஒன்று தோள்மூட்டில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆரோக்கியமான ஆட்களுக்கு அது எவ்வளவு தடிமன் என்று அளக்க, கொல்லிமலை வாசலூர்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அறையில் மிஷினோடு உட்கார்ந்தேன். ஏரியில் படகு சவாரிக்குப் போகிற கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளே வரத்தான் ஆளில்லை.

பின்பாக்கெட்

தசைநார் சரியாகத் தெரிய, கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைக்க வேண்டும். "பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுக்கிற மாதிரி" என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். மரவள்ளி போடும் விவசாயி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், முதல் ஆளாக வந்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொன்னேன். மடியைத் தடவினார். மறுபடி சொன்னேன். இன்னொரு பக்கமும் தடவிவிட்டு, ஜெல் வழியும் தோளோடு என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, கட்டியிருக்கறது வேட்டிங்க. பின்பாக்கெட்டுக்கு நா எங்கீங்க போவேன்?"

சும்மா இருந்த தோள்

பேளுக்குறிச்சிச் சந்தையில் கடை போடும் பாய் ஒருவர் மிளகு வாங்க மேலே வந்திருந்தார். ஆள் கிடைக்காத நேரம், அவரையும் விடவில்லை. சின்ன வயதிலிருந்து மூட்டை தூக்கியதெல்லாம் வலது தோளில்தானாம். "இடது பக்கம் அளக்கவே வேண்டாங்க, அதுல ஒண்ணும் இருக்காது" என்று சட்டையை ஒரு பக்கம் மட்டும் கழற்றினார்.

இரண்டையும் அளந்தேன். கிட்டத்தட்ட ஒரே தடிமன். அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி அளக்கச் சொன்னார், அதேதான் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். அவர் தன் இடது தோளைத் திரும்பி முறைத்தார்.

"அப்ப இத்தன வருசமா சும்மா இருந்த இவனுக்கும் சேத்துத்தான் நா சோறு போட்டிருக்கேனுங்களா?"

ஒண்ணுமில்லீங்க

மிளகுத் தோட்டத்துக்காரப் பெண்மணி ஒருவர், ஐம்பது வயது இருக்கும், புருஷனோடு வந்தார். புருஷன் வெளியே நின்றுகொண்டார். "வலி இருக்காங்க?" என்றேன். "இல்லீங்க." "கையைத் தூக்கச் சிரமம்?" "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சிரித்தார். கருவியை வைத்ததும் திரையில் தெரிந்தது: தசைநாரில் பெரிய கிழிசல். சிலருக்கு வலியே இல்லாமல் அப்படி இருப்பதுண்டு. ஆனால் நான் லேசாக அழுத்தியதும் அவர் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"வலிக்குதுன்னா சேத்துக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க கண்ணு" என்றார் மெதுவாக. "ஊட்ல சொன்னா, ஒடம்பு வளையாதவள்னு பேச்சு. அவரக் கூப்புட்டு நீங்களே சொல்லுங்க."

புருஷன் உள்ளே வந்தார். படத்தைக் காட்டி, இனி பாரம் தூக்கக் கூடாது, நாமக்கல்லுக்கு வைத்தியத்துக்கு வர வேண்டும் என்றேன். திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "ஏம்புள்ள, இதோடயா போன வாரமெல்லாம் பலாப்பழம் சொமந்த?" என்றார். வாசலில் மனைவி வைத்திருந்த கூடையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆராய்ச்சியில் ஒரு ஆள் குறைந்தாலும், வைத்தியம் நடந்து அந்தப் பெண்மணி இப்போது தானே தலை வாரிக்கொள்கிறார். அன்று புருஷன் பின்னால் வாசல்வரை போன அந்த அம்மா திரும்பி வந்து கேட்டது இதுதான்:

"அந்தப் படத்துல எனக்கொண்ணு குடுங்க சாமி, மாமியாளுக்கும் காட்டோணும்."

ஆரோக்கியமானவர்களை அளக்க மலையேறியதில் நான் கற்றது, நல்லா இருக்கேன் என்று யாராவது சிரித்தால் கையை ஒரு தரம் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதுதான்.